கண் பிரஷர் துளி மருந்தின் கம்பனி மாறும்போது

கிளினிக் நாள் முடிந்து வீட்டுக்கு வந்து மருந்துப் பையைத் திறந்தால் பெட்டி வேறு. நிறமும் வேறு, மேலே பெரிதாக எழுதியிருக்கும் பெயரும் வேறு. பாமசிக்குத் திரும்பிப் போய், "என்ன தம்பி, இது நான் விடுற மருந்து இல்லையே?" என்று கேட்டால், "அம்மா, மருந்து அதுதான், கம்பனிதான் வேற" என்று பதில் வரும். அந்தப் பதில் பெரும்பாலும் சரியானது, ஆனால் போதாது. அடுத்த ஒரு மாதத்தில் அந்த அம்மாவுக்கு எங்கெங்கே பிழை நேரலாம் என்பதை அங்கே நின்று சொல்ல யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை.

குளுக்கோமா, அதாவது பெரும்பாலும் கண் பிரஷரால் கண் நரம்பு பாதிக்கப்படும் நோயில், பிழை நேர்ந்தால் வலிக்காது. பரவலாகக் காணப்படும் வகையில் கண்ணுக்குள் பிரஷர் ஏறுவது உணர்விலேயே தெரியாது. முதலில் போவது பக்கப் பார்வை. நேர்ப் பார்வை நன்றாக இருப்பதால் போனது நெடுநாள் தெரிவதில்லை, போன பார்வை திரும்பி வருவதுமில்லை. அதனால் பெட்டி மாறியதைக் கண்டு பயந்து மருந்தை நிறுத்திவிட்டு, "அடுத்த கிளினிக்கில டொக்டரிட்டக் கேப்பம்" என்று இருப்பதைப்போல ஆபத்தானது வேறில்லை. துண்டில் எழுதிய மருந்துப் பெயரும், பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரும், சதவீதமும் ஒத்திருந்தால் அன்று இரவே விடுங்கள்.

அந்தச் சின்ன எழுத்தில்தான் விஷயம் இருக்கிறது. சலாட்டன் என்பது கம்பனி வைத்த பெயர். உள்ளேயிருக்கும் மருந்தின் பெயர் லட்டனோப்ரொஸ்ட், அளவு 0.005 சதவீதம். சில பெட்டிகளில் இதையே ஒரு மில்லிலீற்றருக்கு 50 மைக்ரோகிராம் என்று போட்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான். சலாட்டன் 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2011இல் அங்கே காப்புரிமை முடிந்த பிறகு பல கம்பனிகள் அதே மருந்தைச் செய்து விற்கின்றன. நம் இலங்கையில் இது புதுப் பேச்சும் அல்ல. கம்பனிப் பெயரால் அல்லாமல் மருந்தின் பெயரால் வாங்கு, மலிவாக வாங்கு, எல்லாருக்கும் கொடு என்ற கொள்கைக்காகத்தான் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே உழைத்தார். 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அந்த உழைப்பில் வந்தது, ஒசுசல கடைகள் அதனுடையவை. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டமும் துண்டில் மருந்தின் பொதுப் பெயரை எழுதச் சொல்கிறது.

அப்படியென்றால் எல்லாக் கம்பனியும் நூற்றுக்கு நூறு ஒன்றா? அப்படிச் சொல்வதும் நேர்மையாகாது. வேலை செய்யும் மருந்தும் அதன் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. வேறுபடக்கூடியவை மற்றவை: கிருமி வராமல் தடுக்கச் சேர்க்கும் பொருள், புளிப்புத்தன்மையைச் சரிக்கட்டும் உப்புகள், போத்தலின் பிளாஸ்டிக், நுனியின் துவாரம். மாத்திரை என்றால் விழுங்கிய பிறகு இரத்தத்தில் எவ்வளவு ஏறியது என்று அளந்து இரண்டு கம்பனியையும் ஒப்பிடலாம். கண் துளி கண்ணுக்குள்ளேயே வேலை செய்வதால் அந்த வழி இங்கே பெரிதாக உதவாது. 2007இல் இந்தியாவில் 30 பேரை வைத்துச் செய்த ஒரு சிறு ஆய்வில், சலாட்டன் அங்கத்தைய ஒரு லட்டனோப்ரொஸ்டைவிடக் கூடுதலாகப் பிரஷரைக் குறைத்தது. பிறகு வேறு கம்பனிகளின் மருந்தை வைத்து நடந்த ஒப்பீடுகள் பலவற்றில் சொல்லத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே மாற்றத்துக்குப் பயப்படத் தேவையில்லை, ஆனால் மாறிய பிறகு ஒரு தடவை பிரஷரை அளந்து பார்க்க வேண்டும். காசில்லாமல் ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் அசல் கம்பனி மருந்தை வாங்குகிறவரைவிட, மலிவான மருந்தை ஒரு இரவும் தவறாமல் விடுகிறவரின் கண் பாதுகாப்பாக இருக்கும்.

இனி, "கம்பனிதான் வேற" என்ற பேச்சு பொய்யாகிப்போகிற இடங்கள். லட்டனோப்ரொஸ்ட் இல்லையென்று ட்ராவோப்ரொஸ்டையோ பிமாட்டோப்ரொஸ்டையோ தந்தால் அது கம்பனி மாற்றம் அல்ல, மருந்தே மாறிவிட்டது. மூன்றும் ஒரே குடும்பம்தான், ஆனாலும் அந்த முடிவை எடுக்க வேண்டியவர் டொக்டர். பிமாட்டோப்ரொஸ்டில் 0.01, 0.03 என்று இரண்டு அளவு உண்டு. டிமோலோல் என்ற இன்னொரு கண் பிரஷர் மருந்தில் 0.25, 0.5 உண்டு. டிமோலோலிலேயே கண்ணில் பட்டதும் கூழாகிற வகை நாளுக்கு ஒரு தடவை, சாதாரணத் தண்ணீர் வகை பெரும்பாலும் இரண்டு தடவை. கூழ் வகைக்குப் பதிலாகத் தண்ணீர் வகை கிடைத்து, பழைய பழக்கத்தில் காலையில் மட்டும் விட்டால் இரவில் கண் வெறுமையாக இருக்கும்.

கூட்டு மருந்துகளில் இன்னும் கவனம் வேண்டும். லட்டனோப்ரொஸ்டும் டிமோலோலும் ஒரே போத்தலில் வரும் மருந்து உண்டு. டோர்சோலமைடும் டிமோலோலும், பிரிமோனிடினும் டிமோலோலும் அப்படித்தான். பல இந்தியக் கம்பனிகள் தனி மருந்துக்கு ஒரு பெயரை வைத்து, டிமோலோல் சேர்ந்ததற்கு அதே பெயரின் பின்னால் ஒரு ஆங்கில எழுத்தை மட்டும் ஒட்டிவிடும். அவசரத்தில் அந்த ஒற்றை எழுத்து கண்ணில் படாது. கூட்டு மருந்து விட்டவருக்குத் தனி மருந்து கிடைத்தால் பிரஷர் ஏறும். தனி மருந்து விட்டவருக்குக் கூட்டு மருந்து கிடைத்து, அவருக்கு முட்டு வருத்தமோ இதயத் துடிப்புக் குறைவோ இருந்தால் அது உயிருக்கே ஆபத்து. கண்ணில் விட்ட டிமோலோல் மூக்கு வழியாக இரத்தத்தில் இறங்கி மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடியது. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்ததுபோல ஒரு காலம் மீண்டும் வந்து, "அது இல்லை, இதை விடுங்க" என்று மஞ்சள் மூடிப் போத்தல் ஒன்றைத் தந்தால், முட்டு வருத்தம் இருப்பதை அந்த இடத்திலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மூடி நிறம் என்றதும் இன்னொன்று. மேல்நாட்டுக் கம்பனிகள் பலவற்றில் 0.5 சதவீத டிமோலோலுக்கு மஞ்சள் மூடி, லட்டனோப்ரொஸ்ட் குடும்பத்துக்குப் பச்சைநீல மூடி, டோர்சோலமைட் குடும்பத்துக்குச் செம்மஞ்சள் மூடி, பிரிமோனிடினுக்கு ஊதா மூடி என்று ஒரு வழக்கம் இருக்கிறது. வாசிக்க இயலாத வயதானவர்கள் "மஞ்சள் காலையில, நீலம் படுக்கைக்குப் போகக்குள்ள" என்று நிறத்தைப் பிடித்துத்தான் விடுகிறார்கள். மலிவுக் கம்பனி இந்த நிற வழக்கத்தைப் பின்பற்றும் என்று சொல்ல முடியாது, எல்லாமே வெள்ளை மூடியாக வரலாம். புதுப் போத்தல் வீட்டுக்கு வந்த அன்றே இரவு மருந்தின் கழுத்தில் ஒரு றப்பர் பாண்டைச் சுற்றிவிடுங்கள். கண் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியும்.

கம்பனி மாறும்போது நடக்கும் பிழைகளில் அடிக்கடி காண்பது இரட்டை மருந்து. வீட்டில் பழைய போத்தலில் அரைவாசி மிச்சம் இருக்கும். புதியதைப் புது மருந்து என்று நினைத்து இரண்டையும் விடுவார்கள். "ரெண்டு மருந்து போட்டா இன்னும் நல்லம்தானே" என்ற எண்ணமும் சேர்ந்துகொள்ளும். லட்டனோப்ரொஸ்ட் குடும்பத்தை நாளுக்கு ஒன்றுக்கு மேல் விட்டால் பலன் கூடாது, குறையலாம். ஒரே கண்ணில் சலாட்டனும் வேறு கம்பனி லட்டனோப்ரொஸ்டும் விடுகிறவருக்கு அதுதான் நடக்கிறது. பழையதை முடித்துவிட்டுப் புதியதை உடையுங்கள். பழையது திறந்து நாலு வாரம் கடந்துவிட்டால் அதை எறிந்துவிட்டுப் புதியதைத் தொடங்குங்கள். ஒரே நேரத்தில் இரண்டும் திறந்து இருக்கக்கூடாது.

போத்தலைக் கையில் எடுப்போம். அசல் கம்பனிப் போத்தல்கள் பெரும்பாலும் நுனியில் துவாரத்தோடே வரும். இந்தியாவில் செய்யும் போத்தல்கள் பலவற்றில் நுனி மூடியே இருக்கும், துளி வராது. அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, தையல் ஊசியையோ சட்டையில் குத்தியிருக்கும் ஊக்கையோ எடுத்து நுனியைக் குத்துவார்கள். ஊசியை நெருப்பில் காட்டிக் குத்துகிறவர்களும் உண்டு, அதில் பிளாஸ்டிக் உருகித் துவாரம் இன்னும் அகலமாகிவிடும். உண்மையில் அந்த மூடியின் உட்புறத்தைப் பார்த்தால் நடுவில் ஒரு சின்ன முள் தெரியும். முதல் தடவை மூடியை வலஞ்சுழியாக, வழக்கமாக மூடும் பக்கத்துக்கே, இறுகும் வரை திருகினால் அந்த முள் இறங்கி நுனியைச் சரியான அளவில் துளைத்துவிடும். பிறகு கழற்றி விடலாம். பிரச்சினை என்னவென்றால், கடையில் இருக்கும்போது முள் இறங்காமலிருக்க மூடிக்குக் கீழே ஒரு வளையமோ இடைவெளியோ விட்டிருப்பார்கள். வளையம் இருந்தால் முதலில் அதைக் கழற்ற வேண்டும். பெட்டிக்குள் மடித்து வைத்த காகிதத்தில் இதைப் படமாகவே போட்டிருப்பார்கள், அந்தக் காகிதத்தைத்தான் முதலில் எறிகிறோம்.

ஊக்கால் குத்திய துவாரத்தால் இரண்டு கேடு. ஒன்று, கிருமி உள்ளே போகிறது. மற்றது, துளி பெருக்கிறது, மருந்து மாதக் கடைசி வரை வராது. கணக்கைப் பாருங்கள். லட்டனோப்ரொஸ்ட் போத்தலில் வழமையாக இருப்பது 2.5 மில்லிலீற்றர். இரண்டு கண்ணுக்கும் இரவில் ஒவ்வொரு துளி என்றால் 30 நாளுக்கு 60 துளி. ஒரு துளி 30 மைக்ரோலீற்றர் என்றால் போத்தலில் 83 துளி கிடைக்கும், தவறி விழுபவற்றுக்கும் இடமிருக்கும். துளி 45 ஆகப் பெருத்தால் 55 துளிதான், கடைசி இரண்டு மூன்று நாள் வெறுங்கண். டிமோலோல் 5 மில்லிலீற்றர், நாளுக்கு இரண்டு தடவை, இரண்டு கண் என்றால் 120 துளி வேண்டும். 40 மைக்ரோலீற்றர் துளியில் 125தான் வரும், ஐந்து துளி சிந்தினால் முடிந்தது. கம்பனிக்குக் கம்பனி துளியின் பருமன் வேறுபடும் என்பதால், ஊக்கு படாத போத்தலிலும் இது நடக்கலாம். போத்தல் நாள் கணக்குக்கு முன்னே முடிகிறதா என்பதை முதல் மாதமே குறித்து வையுங்கள். "முடிஞ்சு போச்சு, கிளினிக் நாள் வரும்வரை பாத்தம்" என்று இருக்காமல், முடிந்த தேதியோடு போய்ச் சொன்னால் இன்னொரு போத்தல் எழுதித் தர வழியிருக்கும்.

கண்ணுக்குள் நிற்கக்கூடிய நீர் ஏறத்தாழ ஒரு துளி அளவுதான். இரண்டாவது துளி கன்னத்தில் வழியும், அல்லது தொண்டைக்குப் போகும். கையைக் கழுவி, மல்லாந்து படுத்து, கீழிமையை விரலால் இழுத்து, அந்தப் பள்ளத்தில் ஒரு துளி. நுனி இமையிலோ மயிரிலோ தொடக்கூடாது. கண்ணை மெதுவாக மூடி, மூக்கோரத்தில் கண்முனையை விரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மருந்து கண்ணில் தங்கும், டிமோலோல் இரத்தத்துக்குப் போவதும் குறையும். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி விடுங்கள். பிரின்சோலமைட் பால்போல இருக்கும், அதை விடுமுன் குலுக்க வேண்டும். புதுக் கம்பனியின் போத்தல் கடினமான பிளாஸ்டிக்காக இருந்தால் மூட்டு வாதமுள்ள கைகளால் அழுத்த வராது, ஒரேயடியாக நாலு துளி கொட்டும். அதற்குப் போத்தலை உள்ளங்கையில் இரண்டு நிமிடம் வைத்திருந்து அழுத்திப் பார்க்கலாம். அப்படியும் வராவிட்டால் வீட்டில் இன்னொருவர்தான் விட வேண்டும்.

அடுத்தது சூடு. திறக்காத லட்டனோப்ரொஸ்ட் 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும் என்று சலாட்டன் பெட்டியில் இருக்கும். திறந்த பிறகு 25 பாகைக்குட்பட்ட அறையில் வைக்கலாம் என்று இருக்கும். மட்டக்களப்பில் 25 பாகை அறை எங்கே இருக்கிறது? கச்சான் வீசும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் 35 தாண்டும். ஆகவே நமக்குத் திறந்த போத்தலும் பிரிட்ஜுக்குத்தான். குளிர்ந்த துளி கண்ணில் விழுவது நன்றாகத் தெரியும் என்பது ஒரு வசதி. கதவுத் தட்டில் வேண்டாம், திறந்து மூடும்போதெல்லாம் சூடேறும். ஐஸ் பெட்டியை ஒட்டியும் வேண்டாம், உறைந்த மருந்து உதவாது. மீன் பைக்கும் மருந்துக்கும் நடுவே ஒரு மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா இருக்கட்டும். வெளிச்சமும் லட்டனோப்ரொஸ்டுக்கு ஆகாது என்பதால் பெட்டியோடே வையுங்கள். சில கம்பனிகள் பிரிட்ஜ் தேவைப்படாதபடி செய்கின்றன, அது பெட்டியிலேயே எழுதியிருக்கும். பழைய பெட்டியின் பழக்கத்தைப் புதுப் பெட்டிக்குக் கொண்டுபோகாமல் ஒவ்வொரு தடவையும் வாசியுங்கள்.

கிளினிக்கிலிருந்து பஸ்ஸில் வருகிற இரண்டு மணித்தியாலம் மருந்தைக் கெடுத்துவிடாது. அனுப்பி வைக்கும் காலத்தில் 40 பாகை வரை எட்டு நாளுக்கு மேற்படாமல் தாங்கும் என்று சலாட்டனின் அமெரிக்கக் குறிப்பிலேயே இருக்கிறது. ஆனால் வெயிலில் நிறுத்திய மோட்டார்சைக்கிளின் சீட்டுக்குக் கீழே 40 என்பது மிகச் சாதாரணம். கையில் கொண்டு வாருங்கள். மூன்று மாத மருந்தை ஒன்றாகத் தந்தால் திறக்காத இரண்டும் நேரே பிரிட்ஜுக்கு. பிரிட்ஜ் இல்லாத வீட்டில் மண்முட்டிக்குள் ஈரமணல் போட்டு, பொலித்தீனில் சுற்றிய போத்தலை நிழலில் வைத்தால், காய்ந்த காற்று வீசும் காலத்தில் நன்றாகக் குளிரும். மாரியில் காற்றே ஈரமாக இருப்பதால் அவ்வளவு குளிராது. திறக்காத போத்தலுக்கு அது போதாது, பக்கத்து வீட்டுப் பிரிட்ஜில் ஒரு மூலை கேளுங்கள். திறந்த தேதியை ஒரு துண்டுப் பிளாஸ்டரில் எழுதிப் போத்தலில் ஒட்டிவிட்டால் நாலு வாரக் கணக்குத் தவறாது.

மாறி எத்தனை நாளில் பிரஷர் பார்ப்பது? லட்டனோப்ரொஸ்ட் முழுப் பலனைக் காட்ட மூன்று நாலு வாரம் பிடிக்கும். அதனால் நாலிலிருந்து ஆறு வாரத்துக்குள் ஒரு தடவை அளப்பது நல்லது. கிளினிக் மூன்று மாதத்துக்கு அப்பால் இருந்தால் "கம்பனி மாறியிருக்கு, பிரஷர் பாக்கணும்" என்று சொல்லி முன்னதாகத் தேதி கேளுங்கள். பொதுவாக 10 முதல் 21 வரை இயல்பு என்பார்கள். நரம்பு ஏற்கெனவே பாதிக்கப்பட்டவருக்கு டொக்டர் அதைவிடக் குறைந்த ஒரு இலக்கை வைத்திருப்பார், அந்த இலக்கத்தைக் கேட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். முன்னர் 15 இருந்து இப்போது 17 என்றால் மருந்தைக் குற்றம் சொல்ல முடியாது. கண் பிரஷர் ஒரே நாளுக்குள்ளேயே இரண்டு மூன்று ஏறி இறங்கும். முன்பு பார்த்தது காலை எட்டு மணி, இப்போது பார்த்தது பிற்பகல் என்றால் ஒப்பீடே சரியில்லை. கருவி வேறென்றாலும் அப்படித்தான். 15 இருந்தது 21 ஆனால் அது யோசிக்க வேண்டிய ஏற்றம். அப்போதும் முதலில் கேட்க வேண்டியவை: போத்தல் இடையில் முடிந்ததா, துளி கண்ணுக்குள் விழுகிறதா, பிரிட்ஜில் இருந்ததா, பழையதோடு சேர்த்து விடுகிறாரா? இவை எல்லாம் சரியாக இருந்தும் இரண்டாவது தடவையும் ஏறியே இருந்தால், மருந்தை மாற்றச் சொல்லிக் கேட்க உங்களுக்கு நியாயமான காரணம் இருக்கிறது. அந்த நாளுக்குப் பழைய பெட்டி, புதுப் பெட்டி இரண்டையும் கொண்டு போங்கள்.

கண் சிவப்பதும் அரிப்பதும் இன்னொரு முறைப்பாடு. லட்டனோப்ரொஸ்ட் எந்தக் கம்பனியானாலும் ஓரளவு சிவப்பைத் தரும், இமை மயிர் நீளும், இமைத்தோல் கருக்கும். புதுக் கம்பனிக்கு மாறிய பிறகுதான் எரிவு தொடங்கியதென்றால் கிருமி தடுக்கும் பொருள் காரணமாக இருக்கலாம். பெரும்பாலான போத்தல்களில் அது பென்சல்கோனியம் குளோரைட். மூன்று போத்தல் விடுகிறவருக்கு மூன்றிலிருந்தும் அது கண்ணில் சேர்கிறது. அது சேராத துளிகளும் இருக்கின்றன, விலை கூட. ஆனால் அம்பாறைப் பக்கம் வேளாண்மை வெட்டுக் காலத்தில் மெஷின் கிளப்பும் தூசியில் எல்லார் கண்ணும்தான் சிவக்கிறது, அதையும் கணக்கில் எடுங்கள். எதுவானாலும், சிவப்புக்கென்று துண்டில்லாமல் பாமசியில் ஸ்டீரொய்ட் துளி வாங்கி விடவே கூடாது. அது கண் பிரஷரை ஏற்றும் மருந்து. குளுக்கோமாக் கண்ணுக்கு அது நஞ்சு.

2023இல் இந்தியாவிலிருந்து வந்த பிரெட்னிசோலோன் கண் துளியால் நம் நாட்டு வைத்தியசாலைகளில் பலருக்குக் கண்ணில் கிருமித் தொற்று ஏற்பட்டது. அந்தப் பயம் இன்னும் மக்களிடம் இருக்கிறது, நியாயமான பயம். அது குளுக்கோமா மருந்து அல்ல. சத்திரசிகிச்சைக்குப் பிறகு விடும் ஸ்டீரொய்ட் துளி. கம்பனி எதுவானாலும் திறக்குமுன் முத்திரை உடையாமல் இருக்கிறதா, காலாவதித் தேதி என்ன, தெளிவாக இருக்க வேண்டிய மருந்து கலங்கியிருக்கிறதா என்று பாருங்கள். விட்ட பிறகு கடும் வலி, பீளை, பார்வை மங்கல், வெளிச்சம் பார்க்க முடியாமை வந்தால் அன்றே போத்தலையும் எடுத்துக்கொண்டு கண் பிரிவுக்குப் போங்கள். போத்தலை எறிந்துவிட வேண்டாம், அதிலுள்ள தொகுதி இலக்கத்தை வைத்துத்தான் மற்றவர்களைக் காப்பாற்றலாம்.

நோன்பு காலத்தில் காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் பலர் துளியை நிறுத்திவிடுகிறார்கள். நோன்பு முறியுமா என்பதை உங்கள் மௌலவியிடம் கேளுங்கள். மருந்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் நிறுத்தத் தேவையே இல்லை. லட்டனோப்ரொஸ்ட் இரவு மருந்து, தராவீஹ் முடித்து வந்து விடலாம். இரண்டு தடவை மருந்தை ஸஹர் முடியுமுன் ஒன்று, நோன்பு திறந்த பிறகு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம், பகல் இடைவெளி ஏறத்தாழ பதின்மூன்று, பதினாலு மணித்தியாலம்தான். மூன்று தடவை விடும் மருந்து இருந்தால், நோன்புக்கு ஒரு மாதம் முந்திய கிளினிக்கிலேயே டொக்டரிடம் சொல்லுங்கள். இரண்டு தடவையாக விடக்கூடிய கூட்டு மருந்துக்கு மாற்றித் தந்து, நோன்பு தொடங்குமுன் பிரஷரையும் ஒருமுறை பார்த்துவிட அவருக்கு நேரமிருக்கும்.